எழுபது பார்

முதலில் பதினைந்து பார் கேட்டார்கள், மோருக்கு.
மாரத்தானுங்க, என்று மகுடீஸ்வரன் போனில் சிரித்தார்:
அஸ்தம்பட்டியில் கிளம்பி, கோரிமேடு, அடிவாரம் தொட்டு,
அதே வழியில் இன்னொரு சுற்று.
புதன்கிழமை பதினைந்து முப்பதானது.

வெள்ளிக்கிழமை டாக்டர் ஜெசிந்தா
செவ்வாய்ப்பேட்டைக்கு நேரில் வந்து
மரத்தூளில் செருப்பு புதைய நின்று
எழுபது என்றார்.
மோருக்கு இல்லை. ஆளை முக்க.

ஆள் என்ன மீனா, என்றான் அங்கப்பன்.
அவர் சிரிக்கவில்லை.
உடம்பு நாற்பத்தொன்றைத் தாண்டினால் அரைமணிதான்,
அதற்குள் கழுத்துவரை ஐஸ் தண்ணீரில் இறக்கணும்.
ஆறு ரப்பர் தொட்டி வாங்கிவிட்டேன்,
குழந்தைகள் குளிக்கிறது,
டால்பின் படம் போட்டது.

கத்திரி தொடங்கி ஐந்து நாள்.
என் தொட்டியே உறைய மறுக்கிற வாரம்.
மாசியில் இருபது மணியில் இறுகிய பார்
இப்போது முப்பது கேட்கிறது.
வெளியே கல்,
நடுவில் ஒரு சொம்புத் தண்ணீர் உள்ளுக்குள்ளே ஆடும்.
கொக்கி போட்டால் வயிறு உடைந்து கொட்டும்.
காற்றின் ஈரம், வெயில், நிழல் எல்லாம் கூட்டி
டாக்டர் ஒரு எண் சொன்னார்.
எனக்கு அது தெரியாது. இது தெரியும்.

சனிக்கிழமை சாயங்காலக் கூட்டத்துக்கு
என்னையும் கூப்பிட்டார்கள்.
இரண்டாயிரத்து நானூறு மெடலிலும் தேதி அடித்தாயிற்று.
ஓசூர்க்காரர்கள் லாட்ஜில் வந்து இறங்கியாயிற்று.
சேலத்துக்காரனுக்கு வெயில் புதுசா, என்றார் ஒருவர்,
ஏசிக்கு நேராக நாற்காலியை நகர்த்திக்கொண்டே.

சுகுணவதி எழுந்தாள். சரக்கு ரயில் ஓட்டுகிறவள்.
எட்டு மாதம், நைட் டியூட்டி முடிந்து
தூங்காமல் ஓடிப் பழகியவள்.
என் உடம்பு, என் கால்,
வேண்டாம் என்று சொல்ல நீங்கள் யார்?

விழுகிறவரை உன் உடம்பு, என்றார் டாக்டர்.
விழுந்த பிறகு என்னுடையது.
என்னிடம் ஆறு தொட்டிதான் இருக்கிறது.

யாரும் பேசவில்லை.
பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
எழுபதும் ரெடியா?

பைபாஸில் தார் போடுகிறவர்கள்
தினமும் என்னிடம் அரை பார் வாங்குகிறார்கள்,
பதினெட்டுப் பேருக்கு.
அவர்களுக்காக யாரும் ஏசி போட்டுக் கூட்டம் கூட்டியதில்லை.
நானும் அரை பாருக்குக் காசு வாங்கிக்கொண்டுதான் கொடுக்கிறேன்.
இதெல்லாம் அந்த நேரத்தில் ஏன் ஞாபகம் வந்ததோ.

நாற்பதுங்க, என்றேன். அதிலும் பாதி நடுவில் உறையலை.

காலையில் எண்ணும்போது அறுபத்தாறு இருந்தது.
கடன் வாங்கினால் எழுபதும் தேறும்.

தைக்குத் தள்ளிவைத்தார்கள். மணி ஒன்பது நாற்பது.
மகுடீஸ்வரன் என் கையைக் குலுக்கவில்லை.

ஞாயிறு விடியற்காலை நாலரைக்கு
சேர்வராயனிலிருந்து காற்று இறங்கியது.
குளிர்ச்சி. சட்டைக்குள் புகுகிற குளிர்ச்சி.
என் முகத்தை நானே பார்க்க விரும்பாத குளிர்ச்சி.
அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் யாருமில்லை,
அவளைத் தவிர.
குனிந்து லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள்.

நான் எதுவும் கேட்கவில்லை.
டிவிஎஸ் ஐம்பதில் ஒரு பாரைச் சாக்கு சுற்றிக் கட்டி
இருபதடி விட்டுப் பின்னால் போனேன்.
போகச் சொல்லிக் கை காட்டினாள், இரண்டு முறை.
மூன்றாவது முறை காட்டவில்லை.

ஆறேகாலுக்கு வெள்ளைக்கல் மேடு கண்ணைக் கூசியது.
ஏழரைக்கு, இரண்டாம் சுற்றில், கோரிமேட்டு ஏற்றத்தில்
அவள் நிழலைவிட மெதுவாக ஓடினாள்.
சாக்கிலிருந்து சொட்டிய கோடு
நான் திரும்பிப் பார்ப்பதற்குள் காய்ந்திருந்தது.

நின்றாள். மூச்சு வாங்க, என்னைப் பார்க்காமல்,
கிளம்பும்போது எத்தனை கிலோ, என்றாள்.
ஐம்பது.

இப்போ?

சாக்கைத் தொட்டுப் பார்த்தேன்.