சாப்பாட்டுக் கூடத்தில் எல்லை

பள்ளிப்பட்டு செக்‌ஷனில்
கடைசி மீட்டர் இந்த வீட்டுடையது.
நாற்பத்தொரு அறை. பர்மா தேக்கு. பெல்ஜியம் கண்ணாடி.
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
நான் எழுதிப் போவது பூஜ்யம்.

சாப்பாட்டுக் கூடத்துத் தரையில்
ஒரு பித்தளைப் பட்டை ஓடுகிறது.
இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் ஆந்திரா.
கல் நட வந்த சர்வேயருக்கு விருந்து வைத்து
கோட்டை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டாராம்
தசரதராமி ரெட்டி.

அதன்பின் எது வந்தாலும் ஒரு தாண்டல்தான்.
உச்சவரம்பு ஆபீசர் வந்தால்
பத்திரப்பெட்டி அங்கே.
மதுவிலக்கு போலீசுக்குப் பாட்டில்கள் அங்கே.
அங்கிருந்தே யாராவது வந்தால்
ரெட்டி இலையோடு இங்கே நகர்ந்து
ரசத்திலிருந்து தொடர்வார்.

பேரன்கள் டாலஸில்.
எட்டுப் பங்கு, இரண்டு ஹைகோர்ட்.
எந்தச் சுவர் எந்தக் கோர்ட்டுக்கு என்பதே
பதினாறு வருஷ வழக்கு.
பின்கதவு தவிர எல்லாவற்றிலும் அரக்கு.

இந்த முறை மீட்டர்
மூன்று யூனிட் காட்டியது.
ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன்,
தந்தம் போய் ஆணி மிஞ்சிய சுவரோரமாக,
பட்டையைத் தாண்டி.
சமையற்கட்டில் காவல்காரர் முனிரத்தினம்.
ஒரு குண்டு பல்பு, கஞ்சி, சார்ஜில் போன்.
அந்தப் பக்கத்துக் கரண்டைப் பிடுங்கிவிட்டார்களாம்.
சம்பளம் மார்ச்சிலிருந்து
எந்தப் பக்கமிருந்தும் வரவில்லையாம்.
“மூணுதானே சார், எழுதிக்கோ.”

என் அதிகாரம் பட்டையோடு சரி.
நின்றிருந்ததோ ஆந்திராவில்.
ரெட்டியைப் போலவே
ஒரு கால் இந்தப் பக்கம் எடுத்து வைத்து
எழுதினேன்:
கதவு பூட்டியிருந்தது.