வயிற்று வலி

செவ்வாய்ப்பேட்டை தட்டுவடைக் கடையில்
பதினோரு வருடமாக அவர்கள் பேசியது
அமெரிக்க ஜனாதிபதிகளைப் பற்றி.
கொலுசுப் பட்டறையில் பங்காளிகள்:
வெள்ளி துளசிராமுடையது,
ஆட்கள் மாதையன் சொன்னால் வருகிறவர்கள்.

"நிக்சன் மாதிரி இனி ஒருத்தன் வரணும்"
என்பார் துளசிராம், வடை இரண்டுக்கு நடுவே
பீட்ரூட் துருவல் பிதுங்க.
"இருபது வருஷம் பேச்சில்லாத சீனாவுக்கே போய்
கை குலுக்கினான்யா."
"எழுபத்தொண்ணுல வங்காள விரிகுடாவுக்குக்
கப்பல் அனுப்பினதும் அவனேதான்.
கார்ட்டர் மனுஷன்."
"எவன், நானூத்தி நாப்பத்தி நாலு நாள்
சொந்த ஆளுங்களை மீட்க முடியாம நின்னானே, அவனா?"
கடைக்காரி பாலாமணி அடுத்த செட்டை வைப்பாள்.
யார் ஜெயித்தாலும் காசு மாதையன் கொடுப்பார்.
கொடுத்ததை எழுதி வைப்பார்.

நான் பத்திரம் எழுதுகிறவள்.
ஒரே வாரத்தில் தனித்தனியாக வந்தார்கள்.
"பிரிச்சுக்கலாம்னு அவன்கிட்ட
நீங்களா சொல்ற மாதிரி சொல்லுங்கம்மா."
காரணம் கேட்டேன்.
இருவருமே மின்விசிறியைப் பார்த்தார்கள்.

என் அறையில் ஒருவர் உட்கார்ந்தால் மற்றவர் எழுந்தார்.
மலைமேல் போகலாம் என்றது மாதையன்:
பகையாளிகள் இருவரைத் தனித்தனி வீட்டில் வைத்து
பதின்மூன்று நாள் நடுவில் நடந்தாராம் கார்ட்டர்.
துளசிராம் ஒப்புக்கொண்டார்,
லாட்ஜ் வாடகை பாதிப் பாதி என்றால்.

ஏற்காடு. பதினோராம் கொண்டை ஊசி வளைவில்
துளசிராம் வாந்தி எடுத்தார்,
தண்ணீர் பாட்டில் பின் சீட்டிலிருந்து வந்தது, பேச்சு வரவில்லை.
நான்காம் எண் அறை, ஒன்பதாம் எண் அறை,
நடுவே ஈரக் குடைகள், நான்.
கம்பி மிஷின் எனக்கு, அச்சு அவனுக்கு.
அச்சும் எனக்கு, ஆக்ரா பாக்கி அவனுக்கு.
மூன்றாம் வரைவு. நான்காம் வரைவு.
என் முழங்கால் கார்ட்டருடையது இல்லை.

ஐந்தாவதின் ஓரத்தில் பென்சிலால் துளசிராம்:
'முப்பத்திரண்டு ஆட்களின் முன்பணத்தைத் தள்ளிவிடுகிறேன்.
பத்திரத்தில் ஏற வேண்டாம்.
துருக்கியிலிருந்து கென்னடி ஏவுகணையை எடுத்தது போல.'
மற்றப் பட்டறைக்காரர்கள் கேட்டால்
தோலை உரித்துவிடுவார்களாம்.
ஒன்பதாம் அறையில் மாதையன் அதை இருமுறை படித்தார்.
"கென்னடியை இவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்."

இரவு கரண்ட் போனது.
மெழுகுவர்த்தி கேட்டு இருவரும் வராந்தாவுக்கு வந்துவிட்டார்கள்.
மழை. கடுங்காப்பி.
பழக்கதோஷத்தில் ஆரம்பித்தார் துளசிராம்:
"நிக்சனோட தூதன் சீனாவுக்கு எப்படிப் போனான் தெரியுமா?
பாகிஸ்தான்ல வயிறு வலின்னு ஊரை நம்ப வெச்சுட்டு
விடியறதுக்குள்ள பிளேன் ஏறிட்டான்."
சிரித்தார். தனியாகச் சிரித்தார்.

"போன ஆடிப் பதினெட்டுக்கு
உனக்கும் வயிறு வலிச்சுது" என்றார் மாதையன்.
"மோர் எடுத்துக்கிட்டு வந்தேன். வீடு பூட்டியிருந்தது.
கோலாப்பூர்க்காரன் ஜங்ஷன்ல இறங்கினதும்
அன்னிக்குத்தான்."

மெழுகு ஒரு பக்கமாக வழிந்தது.
பார்ட்டியைப் பற்றி, கமிஷனைப் பற்றி
ஏதாவது சொல்வார் என்று பேனாவைத் திறந்தேன்.
"மோரா கொண்டாந்தே?" என்றார்.
அதற்குமேல் அந்த இரவில் யாரும்
எந்த ஜனாதிபதியையும் எடுக்கவில்லை.

ஏழாம் வரைவில் கையெழுத்து.
வேறு வேறு பஸ்ஸில் இறங்கினார்கள்.
பென்சில் வரியை நானே அழித்தேன்,
அந்த இடத்தில் தாள் மெலிந்திருக்கிறது.
முப்பத்திரண்டு பேரில் முப்பது பேருக்கு
முன்பணம் தள்ளுபடி ஆனது என்று கேள்வி.
மீதி இருவரைப் பற்றி என்னிடம் காகிதம் இல்லை.

ஆறு மணிக்கு ஒருவர், ஏழரைக்கு ஒருவர்
வருவதாகச் சொல்கிறாள் பாலாமணி.
"இப்ப என்கிட்ட கேக்கறாங்க,
யாரு ஒசத்தின்னு."
"நீ என்ன சொல்லுவே?"
"செட்டு இருபத்தஞ்சு ரூவான்னு சொல்லுவேன்."