நடுவில் நூறு பக்கம்

புந்தா அரேனாஸ் மருத்துவமனை, மூன்றாம் மாடி.
செவ்வாய், வியாழன், சனி
நான்கு மணி நேரம்
எங்கள் இரத்தம் வெளியே போய்
குளித்துவிட்டுத் திரும்பும்.
ஐந்து நாற்காலி, ஐந்து இயந்திரம்.
ஜன்னலுக்கு அப்பால்
எல்லா மரத்தையும் கிழக்கே சாய்த்துவைத்த காற்று.

நாவல் ஒன்றுதான் இருந்தது.
நர்ஸ் யாஸ்னா கட்டுத்துணிக் கத்தரியால்
அதன் முதுகைப் பிரித்தாள்.
ஆளுக்கு நூறு பக்கம்.
முடித்ததும் இடப்பக்கத்து ஆளுக்குத் தள்ளவேண்டும்.
அப்படித்தான் ஏற்பாடு.

முதல் நூறு நிகானோருக்கு.
முப்பது வருடம் டாக்ஸி ஓட்டியவர்,
ஆளை ஏறும்போதே எடைபோடுவார்.
"இந்தப் படகுக்காரி தங்கமானவள்.
நொண்டிக்காரனிடம் காசு வாங்கவில்லை பார்" என்றார்.
கடைசி நூறு என் மடியில்.
"அதே நொண்டிமேல் வழக்குப் போட்டு
படகையே விற்கிறாள்" என்றேன்.
அன்று முழுக்க அவர் என்னோடு பேசவில்லை.

எடெல்மிரா வேறு கணக்கு வைத்திருந்தாள்:
"என் நூறு பக்கத்தில் நாற்பத்தேழு கோப்பை தேநீர்!
எழுதியவனுக்கு ஈவிரக்கமே இல்லை.
சூப்பும் சேர்த்து நாளைக்கு முக்கால் லிட்டர் என்று
அளந்து நாக்கை நனைக்கிற ஜென்மங்கள் இருப்பது
அவனுக்குத் தெரியுமா?"
"என் பகுதியில் ஆறே வற்றிவிடுகிறது" என்றாள் ஒதிலியா,
மீன் ஆலையில் தரம் பார்த்தவள்.
"சொன்னால் சிரிப்பீர்கள்,
இவ்வளவு ஆறுதல் எந்தக் கதையிலும் கிடைத்ததில்லை."

நடு நூறு யெர்கோவிடம்.
போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு
பக்கங்களை மார்பில் கவிழ்த்துத் தூங்குவான்.
எப்படி இருக்கிறது என்று கேட்டால்
"போகிறது" என்பான்.

கைமாற்றும் வாரம் வருவதற்குள்
வெள்ளி நள்ளிரவில் அவனுக்குத் தொலைபேசி.
சந்தியாகோவில் ஒரு சிறுநீரகம்.
விமானத்துக்கு இரண்டு மணி நேரம்.
கிடைத்ததையெல்லாம் பைக்குள் திணித்திருக்கிறான்.

சனிக்கிழமை யாஸ்னா சொன்னபோது
கைதட்ட ஆசைதான்.
ஒரு கையில் ஊசி, அசைக்கக்கூடாது.
ஒற்றைக் கை ஓசை எழுப்பாதென்று யார் சொன்னது?
நாற்காலிப் பிடியில் தட்டினோம், தட்டினோம்.
பிறகு எடெல்மிரா மெதுவாக:
"அந்த நூறு பக்கம்?"

மற்ற நான்கும் சுற்றி வந்துவிட்டன.
இருநூறாம் பக்கத்தில், படகின் மூக்கில்,
காது கிழிந்த ஒரு நாய் நிற்கிறது.
முந்நூற்றொன்றில் இல்லை.
அழுகை இல்லை, குழி இல்லை,
பெயரைக்கூட யாரும் எடுப்பதில்லை.

முழுகிவிட்டது என்றார் நிகானோர்.
ஒதிலியாவோ, விற்றிருப்பாள் என்றாள்,
படகை விற்றவளுக்கு நாய் எம்மாத்திரம்.
கடைசிப் பக்கத்தைக் காட்டினேன்:
படகுக்காரி வாசலில் ஒரு தட்டு வைக்கிறாள்,
யாருக்கென்று எழுதவில்லை,
நாய்க்கல்லாமல் யாருக்கு?
"மழைக்கு" என்றாள் எடெல்மிரா.

ஆறு வாரம் கழித்து யெர்கோ பேசினான்.
யாஸ்னா தன் போனை ஒலிபெருக்கியில் போட்டுப்
படுக்கை மேசையில் வைத்தாள்.
ஒரே மூச்சில் ஒரு ஜாடி தண்ணீர் குடித்ததைச் சொன்னான்.
ராத்திரி நான்கு முறை எழுந்து போவதைச் சொன்னான்,
கல்யாணச் செய்தி சொல்பவனைப் போல.
நாங்கள் சந்தோஷப்பட்டோம்.
பொறாமையும் பட்டோம், மறைப்பானேன்.
அப்புறம் நிகானோர் தொண்டையைச் செருமினார்.
"நாய் என்ன ஆயிற்று?"

"எந்த நாய்?"

எழுதியவன் மறந்தானா,
இவன் தூங்கினானா?
புத்தகத்தின் மேல் பழி என்று இரண்டு பேர்,
வாசகன் மேல் பழி என்று இரண்டு பேர்.
என் இயந்திரம் அலறும்வரை ஓயவில்லை.

இந்தச் செவ்வாய் அவன் நாற்காலியில்
ரொசெந்தா வந்து உட்கார்ந்தாள், ரொட்டிக்கடைக்காரி.
முதல் நாள்; நகக்கண்ணில் இன்னும் மாவு.
ஊசி ஏறும்போது கூரையைப் பார்த்தாள்.
நிகானோர் முதல் நூறை அவள் மடியில் வைத்தார்.
பிரிக்கவில்லை.
மேலே உள்ளங்கையை வைத்துக்கொண்டு
"முன்னாடியே சொல்லிவிடுங்கள்,
இதில் ஏதாவது நாய் சாகுமா?
சாகும் என்றால் எனக்கு வேண்டாம்" என்றாள்.

நாலு பேரும் ஒரே சமயத்தில் வாய் திறந்தோம்.
யாஸ்னா ஓடிவந்து
வரிசையாக
இரத்த அழுத்தம் பார்க்கத் தொடங்கினாள்.