பத்து நாள் பல்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
லாரிகள் தலைக்குமேல் அதிர அதிர
மெழுகில் அடுக்கி, ரோஸ் நிற அக்ரிலிக்கில் வேகவைத்து
நான் பல் செய்கிறேன்.

கிளீற்றஸ் வந்தான், தூத்தூர்க்காரன்.
வின்ச் கைப்பிடி திருப்பி அடித்ததில்
முன்பற்கள் ஆறு கடலோடு போயின.
முன்பணத்தில் குறைந்த எண்ணூறு ரூபாய்க்கு
ஈரச்சாக்கில் சுற்றிய சுறாத்தாடை ஒன்றை
மேசையில் வைத்தான்.
"பத்து நாளில பல்லு வேணும்.
இல்லெங்கி எனக்க எடத்தில வேற ஆளேறிருவான்."

அவனுடைய அச்சு உறைவதற்குள்
தாடையைத் திறந்து பார்த்தேன்.
மேலே அகன்ற முக்கோணங்கள், விளிம்பெல்லாம் ரம்பம்.
கீழே ஒடுங்கிய ஊசிகள்.
பிடிக்க ஒரு வரிசை, அறுக்க ஒரு வரிசை.
எலும்பில்லை, குழியில்லை.
வேரைத் தேடிப் போன என் கருவி
ஈறின் தோலிலேயே வழுக்கியது.

நிற்கும் ஒவ்வொரு பல்லுக்கும் பின்னால்
ஈறின் மடிப்புக்குள் தலைகீழாய்ப் படுத்தபடி
இன்னொன்று. அதற்குப் பின் இன்னொன்று.
ஐந்து வரை எண்ணினேன்.
கடைசி வரிசை வெறும் ஓடு,
நகம் பட்டால் இளநீர் வழுக்கைபோல் அமுங்குகிறது;
ரம்பம் மட்டும் இப்போதே தயார்.

மேல்வரிசையில் ஏழாவது, நுனி ஒடிந்திருந்தது.
எதைக் கடித்ததோ, கிளீற்றஸின் கம்பியைத்தானோ.
பின்னால் இருந்தது பாதி எழும்பி
அதன் முதுகில் சாய்ந்து நின்றது,
குழித்துறையில் இறங்கப் போகிறவரின் சீட்டில்
முன்கூட்டியே கைக்குட்டை போடுகிறவரைப்போல.

வெதுவெதுப்பான நீரில் நாள்கணக்கு,
குளிர்ந்த நீரில் மாதக்கணக்கு;
முழுக்கத் தேய்ந்து தீரும்வரை
அங்கே எதுவும் காத்திருப்பதில்லை.
சொத்தையும் விழாது:
நாம் பற்பசையில் வாங்கும் ஃபுளோரைடு
அதற்குப் பல்லோடு பிறந்தது.
என் கடைவாய்ப்பல் ஒன்று
சொல்லிவைத்ததுபோல் விண்ணென்றது.
நமக்கு இரண்டே தடவை.
மூன்றாம் தடவைக்கு
என்னிடம் ரசீது போட வேண்டும்.

ஈறு வீக்கம் வற்றவில்லை.
பதினோராம் நாள்தான் பொருந்தியது.
பத்தாம் நாளே தேங்காப்பட்டணத்திலிருந்து
படகு போயிருந்தது, அவன் மைத்துனன் வின்சிலாஸோடு.
கிளீற்றஸ் நீலத்தாளைக் கடித்துக் காட்டினான்.
"சின்னத்துறை" என்று சொல்லச் சொன்னேன், விசில் வந்தது.
கழற்றித் தேய்த்தேன். மறுபடி சொன்னான்.
"நாப்பது நாள் ஓட்டம்.
இப்ப நான் ரெண்டாம் வரிசை,
படுத்துக் கெடக்கணும்" என்று
ஆறு புதுப்பல்லும் தெரியச் சிரித்தான்.

தாடை ஜன்னல் கம்பியில் தொங்குகிறது.
காயக் காய வாய் ஒரு பக்கம் கோணுகிறது.
செவ்வாய்க்கிழமை காலை
அந்த ஏழாவது பல்
பிளாஸ்டர் தட்டில் விழுந்து கிடந்தது.
யாருக்கோ குழைத்ததில் மீந்த ரோஸ் மாவு இருந்தது.
இருந்த இடத்திலேயே ஒட்டப் பார்த்தேன்.
பின்னால் சாய்ந்திருந்தது
இடைஞ்சலாக இருந்தது.