செய்முறை நோட்டு

உத்தரத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து
லேசாக அழுத்தினார் இன்ஜினியர்.
கனிந்த வாழைப்பழத்தில் இறங்குவதுபோல்
பிடிவரை போனது.
"தேக்குதான் சிஸ்டர்.
ஆனா இப்ப இது கரையான் வீடு.
நீங்கதான் வாடகைக்கு இருக்கீங்க."

முப்பத்தெட்டு லட்சம்.
எஸ்டிமேட் தாளை நாலாக மடித்து
ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தேன்,
இறந்தோர்க்கான மன்றாட்டுப் பக்கத்தில்.
வேண்டுமென்று அல்ல.

மாநிலத் தலைமை இல்லம் மூன்று லட்சம் தந்தது,
மிச்சத்துக்கு ஜெபிப்பதாக எழுதியது.
எப்போதும் உதவும் ஜெர்மனிப் பங்கிலிருந்து
அன்பான பதில் வந்தது:
அவர்கள் கோவிலையே விற்கிறார்களாம்.
அன்றைய ஜெபமாலையை
அவர்களுக்கு ஒப்புக்கொடுத்தோம்.

ஐப்பசியில்
சிஸ்டர் இஞ்ஞாசியம்மாளின் கட்டில்
ஒழுகலுக்குத் தப்பி மூன்று முறை நகர்ந்து
கடைசியில் சிற்றாலயத்துக்குள் வந்து நின்றது.
"திவ்ய நற்கருணைக்குப் பக்கத்துல படுக்குற பாக்கியம்
போப்பாண்டவருக்கே கிடையாது"
என்றபடி ஈரத் தலையணையை உதறினார்.

வழி சொன்னது
வேன் ஓட்டும் ஒச்சுக்காளை.
"செக்கானூரணி தொட்டு விக்கிரமங்கலம் வரைக்கும்
எத்தனை காதுகுத்து, எத்தனை சடங்கு,
எத்தனை வீட்டுல செஞ்சிருக்கீங்க?
ஒரு தடவையாச்சும் திரும்ப வாங்குனீங்களா?
விசேஷம் வைங்க சிஸ்டர்.
ஊரே கடன்பட்டுக் கெடக்கு."

எங்களுக்கு ஏது விசேஷம்?
அச்சகத்தில் சாகுல் அமீது
"மணமக்கள்?" என்று கேட்டு
பேனாவோடு காத்திருந்தார்.
"மேற்கூரை" என்றேன்.
சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

உயிர்ப்புப் பெருவிழா கழிந்த இரண்டாம் ஞாயிறு.
பள்ளி மைதானத்தில் பந்தல்,
பதினோரு கிடா, மைக்செட்.
மஞ்சள் பைகளிலிருந்து
அவரவர் வீட்டு நோட்டுகள் வெளியே வந்தன.
நாங்கள் எதையும் எழுதி வைத்ததில்லை.
அவர்கள் வைத்திருந்தார்கள்.
"தொண்ணூத்திரெண்டு ஆவணி, பெரியவ சடங்கு.
மடத்து சிஸ்டருக: பதினோரு ரூவா, ஒரு சோப்பு டப்பா."
பதினோரு ரூபாய் ஐயாயிரமாகத் திரும்பியது.
சோப்பு டப்பாவுக்கு
பத்து மூட்டை சிமெண்ட் இறங்கியது.

ஊர், பேர், தொகை.
மூச்சுவிடாமல் வாசித்தான் ஒச்சுக்காளையின் மச்சினன்.
கருமாத்தூர் கழுவன், ரெண்டாயிரம்.
வாலாந்தூர் தவமணி, ஐநூத்தி ஒண்ணு.
அடுத்து மின்வாரியச் சட்டை போட்ட ஒருத்தி,
நாற்பது வயதிருக்கும்.
"ஊரு?"
"இதுதான்."
"இல்ல தாயி, சொந்த ஊரு?"
"இதான்யா. இந்த மடம்.
மூணாவதும் பொட்டப்புள்ளன்னு
வாசல்ல வச்சிட்டுப் போனாங்க."
தோடுகளைக் கழற்றித்
தாம்பாளத்தில் வைத்தாள்.
"காதும் இங்கதான் குத்துனது."
மைக் கொஞ்ச நேரம்
காற்றை மட்டும் வாசித்தது.

எண்ணி முடிக்கையில் இரவு இரண்டு மணி.
இருபத்தொரு லட்சத்துச் சொச்சம்.
மேற்குப் பாதிக்குப் போதும்.
கிழக்கே இன்னும் தார்ப்பாய்தான்.
தோட்டை நான் விற்கவில்லை.
ஆடிட்டர் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது என் மேசையில்
மடத்தின் முதல் செய்முறை நோட்டு.
அறுநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்.
எதுவும் எனதில்லை என்று
பீடத்தின் முன் கையெழுத்திட்டவள்,
அறுநூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்குக் கடன்காரி.
யார் வீட்டில் எது நடந்தாலும்
வாங்கியதற்கு மேல் கொஞ்சமாவது வைத்துத்
திருப்ப வேண்டும்.
இதை எந்தத் தலைப்பில் எழுதுவதென்று
சபையின் கணக்குப் படிவத்தில் தேடினேன்.
இல்லை.

வியாழக்கிழமை வாலாந்தூரில்
தவமணி மகளுக்குக் காதுகுத்து.
கவருக்குள் அறுநூறு.
மேலே ஒட்டிய ஒற்றை ரூபாய்
இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறேன்.
வாசலில் ஹாரன்.
"வெரசா வாங்க சிஸ்டர்,
பந்திய ஆரம்பிச்சிருவாய்ங்க."