ஐந்து வெள்ளிச் சாவு

மண்டாய் ரப்பர்க் காட்டில்
காலை ஒன்பதிலிருந்து பகல் ஒரு மணிக்குள்
நான்கு முறை செத்தேன்.
கூலி ஐந்து வெள்ளி.
மதியத்துக்கு ஒரு பொட்டலம் மீ கோரிங்.

துறைமுக வேலைநிறுத்தம் தோற்றுப்போன மாதம்.
கிடங்குப் பதிவேட்டில் என் பெயரைச்
சிவப்பு மையால் அடித்திருந்தார்கள்.
சிவப்பு வேடத்துக்கே ஆள் வேண்டும் என்றார்
சிலிகி ரோடு கோப்பிக்கடையில் ஒரு தரகர்.
சீனர் யாரும் வரமாட்டேன் என்றுவிட்டார்களாம்;
காட்டிலிருப்பவன் என்றாவது படம் பார்த்தால்
முகத்தை மறக்கமாட்டான் என்ற பயம்.

"உன்னை முதுகுப்பக்கம்தான் எடுப்போம்" என்றார் துரை.

தையற்காரர் காசிம் ராவுத்தர்
தொப்பிக்கு மூன்று நட்சத்திரம் வெட்டித் தந்தார்,
யார் வீட்டுக் கல்யாணப் பந்தலிலோ மீந்த துணி.
இரண்டாம் சாவில் ஒன்று உதிர்ந்தது.
சோற்றுப் பருக்கையால் ஒட்டிக்கொண்டு
மூன்றாவதற்கு ஓடினேன்.

இடைவேளையில் கேட்டேன்:
இவன் எதற்காகக் காட்டுக்குப் போனான்?
உதவியாளன் அதை மலாயிலிருந்து இங்கிலீசுக்கு மாற்றினான்.
துரை வானத்தைப் பார்த்தார்.
மேகம் வருகிறது, சீக்கிரம், என்றார்.

கடற்படைத் தளக் குடியிருப்புத் திடலுக்கு
வேன் வந்த இரவு
முதலில் கொசு ஒழிப்பு,
பிறகு அஞ்சலகச் சேமிப்பு,
மூன்றாவது நான்.

"இவன் கடவுள் இல்லை என்பவன்"
என்றது ஒலிபெருக்கியில் கணீரென்று ஒரு தமிழ்.
ஓடுகிறவன் கையில்
நாகூர்த் தாயத்து குலுங்கிக்கொண்டிருந்தது.
அதைக் கட்டிவிட்ட பூரணம்
என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

நான் விழுந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள்.
என் மகன், எல்லாரையும்விடச் சத்தமாக.
பூரணம் தட்டவில்லை.
எட்டாம் கிடங்கில் மூட்டை சரிந்த அன்று விழுந்தது போலவே
இடக்கையை முதலில் ஊன்றியிருந்தேன்.

ஜொகூர் நீரிணைப் பக்கமிருந்து காற்று.
திரை புடைத்தது, தணிந்தது,
மறுபடி புடைத்தது.
செத்துக்கிடந்தவன்
மூச்சு விட்டான்.
"ஐயோ, இன்னும் சாகலை!" என்று
ஒரு பொடியன் எழுந்து கத்தினான்.
திடலே சிரித்தது. நானும்.

மூன்றாம் நாள்
ராபின்சன் ரோட்டுக்குக் கூப்பிட்டார்கள்.
துப்பாக்கியை அப்படிப் பிடிக்க யார் சொல்லிக்கொடுத்தது?
துரை, என்றேன்.
எழுதிக்கொள்ளவில்லை.
சங்கத்தில் துண்டறிக்கை தட்டச்சு செய்தது யார்?
விளக்கு முகத்துக்கு நேரே இருந்தது;
இங்கே முதுகுப்பக்கம் எடுப்பதில்லை.

படத்தில் எனக்கு வசனமே கிடையாது.
அங்கே, நாலாவது மணி நேரத்தில்,
ஒரே ஒரு சொல் பேசினேன்:

அடைக்கலம்.

கேட்டேனா, கொடுத்தேனா.
அவர்கள் பெயர் என்று எழுதிக்கொண்டார்கள்.
அடைக்கலம், வயது முப்பத்தொன்று,
சங்கக் கணக்கர், கல்யாணமாகாதவர்,
ஒரு தட்டச்சுப்பொறி, 'ழ' மட்டும் சரியாக விழாது.
நாகப்பட்டினம் கப்பலில் ஏற்றியபோது
கையில் ஒரு தகரப்பெட்டிதான் இருந்ததாம்.
பார்த்தவர்கள் சொன்னது.
கப்பல் கிளம்பிய அதே துறையில்
மறுவாரம் எனக்கு மூட்டை தூக்கும் வேலை திரும்பக் கிடைத்தது.

மாசியில் தரகர் மறுபடி வந்தார்.
புதுப்படம்.
இந்தத் தடவை முகம் தெரியும், வசனமும் உண்டு.
சரணடைந்து,
கூட்டாளிகள் இருக்குமிடத்தை
வரைபடத்தில் தொட்டுக் காட்டுகிறவன்.
எட்டு வெள்ளி.

அதே ரப்பர்க் காடு. பால் வடியும் அதே மரங்கள்.
விரலை வைத்தேன்.
ஒரே டேக்.

துரை தோளைத் தட்டினார்.
தரகர் தன் பங்கு ஒரு வெள்ளியைப் பிடித்துக்கொண்டு
மீதியை எண்ணித் தந்தார்.
நானும் ஒருமுறை எண்ணிப் பார்த்தேன்.
சரியாக இருந்தது.