அடையாளம் தெரியாத சாதனம்

பச்சை விளக்கு எரிகிறது.
அதுதான் எரிச்சல்.
செத்திருந்தால் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் படுக்கப் போகலாம்.
இது உயிரோடிருந்துகொண்டு
வாய் திறக்க மாட்டேன் என்கிறது.

கொக்குவிலில் ஒரு சைக்கிள் கடையின் மேல்மாடி.
நாங்கள் மூன்று பேர், ஒரு கம்பனி.
சாவகச்சேரி ஒலிபெருக்கிக்காரர்
ஆனித் தேருக்கு முதல் கேட்டிருக்கிறார்,
மைக்கைத் தூக்கினால் கூவாத ஒரு பெட்டி.
அதற்காகத்தான் இந்தப் பலகை.
சுங்கத்தில் இருபத்துமூன்று நாள் கிடந்து வந்தது.
உள்ளங்கை அளவு. விலையை அம்மாவிடம் சொல்லவில்லை.

மென்பொருளைத் திறந்தால்
மேல் மூலையில் சாம்பல் எழுத்து: இணைப்பு இல்லை.
கழற்றிப் பூட்டினேன். இணைப்பு இல்லை.
டிரைவரை அழித்தேன், பழையதைப் போட்டேன்,
பழையதை அழித்துப் புதியதைப் போட்டேன்.
அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து பார் என்றான் வினோபன்.
அரச அதிபரே வந்து திறந்தாலும்
அதே சாம்பல் எழுத்துத்தான்.

மூன்றாம் நாள்
கேபிளில் மீற்றரை வைக்கத் தோன்றியது.
நான்கு கால்.
இரண்டுக்குத்தான் கீச்சிட்டது.
போனுக்குச் சார்ஜ் ஏற்றும் கேபிள்,
சோறு மட்டும் கொண்டுபோகும், கதை கொண்டுபோகாது.
மின்சார நிலைய வீதிக் கடைக்காரர்
புதியதை எடுத்துத் தந்துவிட்டுக் கேட்டார்:
"இவ்வளவு நாளும் இதாலயோ தங்கச்சி கதைச்சனீங்கள்?"

புதியதைப் பூட்ட, டொங் என்றது கணினி.
இருவரும் கதிரையை இழுத்துக்கொண்டு ஓடினோம்.
பட்டியலில் மஞ்சள் முக்கோணம்,
பக்கத்தில் மூன்று சொல்:
அடையாளம் தெரியாத சாதனம்.

வினோபன் சிரித்தான்.
பிறகு நிறுத்தினான்.
இந்த ஊரில் முதலிரண்டு சொல்லுக்குப் பின்னால்
வேறேதோ வந்துதான் எங்களுக்குப் பழக்கம்.

நடப்பது இவ்வளவுதான்.
கணினி கேட்கிறது: நீ யார்,
எந்தக் கம்பனி, என்ன இலக்கம்,
எவ்வளவு கரண்ட் வேண்டும்.
குறித்த நேரத்துக்குள் பலகை சொல்ல வேண்டும்.
சொல்லாவிட்டால் இன்னொருமுறை கேட்கும்.
அதற்குப் பிறகு கேட்காது.
பதில் தெரிந்தும் நாக்கு எழும்பாத ஒரு காலை
எனக்கும் இருந்தது, ஐந்து வயதில்,
அப்பாவின் சைக்கிள் பாரில்.
அதை இங்கே எழுத வரவில்லை.

கையேடு, முப்பத்தோராம் பக்கம்,
படத்துக்குக் கீழே எறும்பு எழுத்து:
ஏழாம் ஜம்பர் இரண்டிலும் மூன்றிலும் இருந்தால்
பலகை தன் பாட்டில் இயங்கும்,
வெளியார் சொல் கேளாது.

எங்களுடையது இரண்டிலும் மூன்றிலும்.
தொழிற்சாலையிலோ சுங்கத்திலோ
யாரோ ஒருவரின் நகம் பட்டிருக்கிறது.
கைப்பையில் புருவம் பிடுங்கும் கொறடு இருந்தது.
மிளகை விடச் சின்ன அந்தக் கறுப்புத் தொப்பியை
ஒரு கால் இடப்பக்கம் நகர்த்தினேன்.
மூச்சு விட்டால் பறக்கும் என்று
வினோபன் மின்விசிறியை நிறுத்தியிருந்தான்.

சாம்பல் எழுத்து பச்சையானது.
பெயர் வந்தது, இலக்கம் வந்தது.
சத்தம் மட்டும் வரவில்லை.

நாற்பது நிமிடம்
ஸ்பீக்கர், வயர், சோல்டர் எல்லாம் கிண்டியபின்
துஷாந்தினி தேத்தண்ணியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.
"உதில மியூற் எண்டு சரி போட்டுக் கிடக்கே."

எடுத்தாள்.

ஆயிரம் ஹேர்ட்ஸ், முழு வால்யூமில்.
தேத்தண்ணி கையேட்டில்.
ஒழுங்கை நாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில்.
கீழே பத்மசீலன் அண்ணை
காற்றடிக்கும் பம்பால் எங்கள் தரையை
இடி இடியென்று இடித்தார்.

அவருக்குக் கேட்டிருக்கிறது.